பத்தாம் தொகுதியின் மறுமுனை

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் தொகுதியின் மறுமுனையைப் பார்க்கக் கிளம்பினேன். டெக்சஸ் மாநில செனட்டின் பத்தாம் எண் தொகுதி. இங்கே எல்லோரும் சுருக்கமாக எஸ்.டி. 10 என்பார்கள். நாங்கள் இருப்பது டாரன்ட் கவுன்டியின் தென்பகுதியில், ஃபோர்ட் வொர்த்துக்கு அருகே. கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. மறுமுனை என்று நான் சொல்வது ஆல்பனி என்ற சிற்றூரைத் தாண்டிய புல்வெளிகள். போய்ச்சேர இரண்டரை மணி நேரம் பிடித்தது.

வெதர்ஃபோர்ட் வரை வீடுகளும் கடைகளும் தொடர்ந்து வந்தன. அப்புறம் 180ஆம் எண் நெடுஞ்சாலையில் மினரல் வெல்ஸ். ஒரு காலத்தில் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பி நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். 1929இல் திறந்த பேக்கர் ஹோட்டல் இன்றும் ஊருக்கு நடுவே தனியாக உயர்ந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் பாலோ பின்டோ மலைகள், அதற்கப்புறம் எண்ணெய் எடுத்துச் செழித்த பிரெக்கன்ரிட்ஜ். பின்சீட்டில் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்த மகள், ஒவ்வொரு ஊர் கடந்ததும் கேட்டாள்: "அப்பா, இன்னும் நம்ம தொகுதியிலதான் இருக்கோமா?"

"ஆமாம்மா, இன்னும் நம்ம தொகுதிதான்."

அடுத்த தேர்தலில் அவளுக்கு ஓட்டு வந்துவிடும். அவளுக்கு இதை நேரில் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினால் இரண்டு நொடியில் முடிந்துவிடும். காரில் உட்கார்ந்து வயலும் மேய்ச்சலும் எண்ணெய்க் கிணறுகளின் தலையாட்டலும் பார்த்துக்கொண்டே போனால்தான் இந்தத் தொகுதியின் நீளம் உடம்பில் ஏறும்.

நான் டெக்சஸுக்கு வந்தது 2001இல், ஆர்லிங்டனில் மேற்படிப்புக்கு. படிப்பு முடிந்து வேலை, எச்1பி விசா, கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் 2017இல் குடியுரிமை. இத்தனை காலமும் டாரன்ட் கவுன்டியை விட்டு நகரவில்லை. ஓட்டுரிமை கிடைத்து முதல் வாக்காளர் அட்டை வந்தபோது அதில் ஒரு வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எந்த காங்கிரஸ் தொகுதி, எந்த மாநிலப் பிரதிநிதி தொகுதி, எந்த செனட் தொகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். செனட் கட்டத்தில் 10. அந்த எண்ணின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். படிக்கப் படிக்க, நான் வாழ்ந்த இடத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்று புரிந்தது.

அமெரிக்க அரசியலில் மாநில செனட்டை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. செனட் என்றால் வாஷிங்டன்தான் நினைவுக்கு வரும். ஆனால் டெக்சஸ் மாநில செனட் சாதாரண இடமல்ல. 1876 அரசியலமைப்பு வகுத்தபடி இன்றும் 31 இடங்கள்தான். மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பில் 2 கோடியே 91 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு செனட்டருக்குச் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் பேர். டெக்சஸிலிருந்து வாஷிங்டனுக்குப் போகும் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்குக் கீழே சுமார் 7 லட்சத்து 67 ஆயிரம் பேர்தான். மாநில செனட்டரின் தொகுதி அதைவிடப் பெரியது. அவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 7,200 டாலரும் அவை நடக்கும் நாட்களுக்குப் படியும் மட்டுமே. வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 140 நாட்கள். அந்த 140 நாட்களில் பள்ளிக்கூடப் பணம், மருத்துவமனை, தண்ணீர், சாலை, தேர்தல் விதி எல்லாம் முடிவாகிவிடும்.

இதில் நகரத்துக்காரர்களுக்கு நெடுங்காலம் உரிய பங்கு இருந்ததில்லை. எந்தக் கவுன்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று மாநில அரசியலமைப்பே எழுதி வைத்திருந்தது. 1960 கணக்கெடுப்பில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் 12 லட்சம் பேருக்கு மேல், செனட்டர் ஒருவர். டாரன்ட்டில் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், இங்கும் ஒருவர். மாநிலச் சராசரியோ ஒருவருக்குச் சுமார் 3 லட்சம்தான். 1964இல் உச்ச நீதிமன்றம் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதியாக இருப்பது மனிதர்களுக்கு, மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று சொன்னது. அதன் பிறகுதான் மக்கள்தொகையைச் சமமாகப் பங்கிட்டுத் தொகுதி வரைய வேண்டிய கட்டாயம் வந்தது. பலன் உடனே தெரிந்தது. அதற்கு முன் மாநிலக் கீழவைக்கு இரண்டு முறை நின்று தோற்றிருந்த பார்பரா ஜோர்டன், 1966இல் ஹூஸ்டனில் புதிதாக வரைந்த செனட் தொகுதியில் வென்றார். 1883க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் கால் வைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். அவரது திறமை அதற்கு முன்னும் அதேதான். கோடு மட்டும்தான் மாறியிருந்தது.

சரி, எஸ்.டி. 10க்கு வருகிறேன்.

எனக்கு முதலில் அறிமுகமான பத்தாம் தொகுதி, 2001க்குப் பிறகு வரைந்தது. முழுக்க டாரன்ட் கவுன்டிக்குள்ளேயே இருந்தது. ஒரே கவுன்டி என்றாலும் உள்ளே பல உலகங்கள். வடக்கே ஃபோர்ட் வொர்த்தின் நார்த் சைடு. 1902வாக்கில் ஸ்விஃப்ட், ஆர்மர் என்ற இரண்டு பெரிய இறைச்சி நிறுவனங்கள் அங்கே ஆலை கட்ட, வேலை தேடி வந்த மெக்சிகோ குடும்பங்கள் சுற்றிலும் குடியேறின. ஆலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, குடும்பங்கள் இருக்கின்றன. தென்கிழக்கே ஸ்டாப் சிக்ஸ். டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையே ஓடிய பழைய மின்ரயிலின் ஆறாவது நிறுத்தம் என்பதால் அந்தப் பெயர். தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினத்தவர் வாழும் பகுதி. வடகிழக்கே கோலிவில் மாதிரி வசதியான புறநகர்கள். தெற்கிலும் கிழக்கிலும் எங்களைப் போன்றவர்கள்: ஆசிரியர்கள், செவிலியர்கள், ஆர்லிங்டன் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைத் தொழிலாளர்கள், வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்.

வரைந்தவர்கள் இதைக் குடியரசுக் கட்சியின் பாதுகாப்பான தொகுதி என்றுதான் வரைந்தார்கள். ஆனால் பத்து வருடத்தில் டாரன்ட் கவுன்டியில் மூன்றரை லட்சத்துக்கும் மேலான மக்கள் கூடினார்கள். 2008இல் ஃபோர்ட் வொர்த் நகர மன்றத்தில் ஒன்பது வருடம் இருந்த வெண்டி டேவிஸ், ஜனநாயகக் கட்சிக்காக நின்று, பதவியிலிருந்த கிம் பிரைமரைத் தோற்கடித்தார். வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே நாளில் அதே தொகுதி அதிபர் தேர்தலில் மெக்கெயினுக்குத்தான் அதிக ஓட்டுப் போட்டது. ஒரே சீட்டில் மேலே குடியரசுக் கட்சி, கீழே டேவிஸ் என்று குறி போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்று அர்த்தம். கறுப்பின வாக்காளர்களும், ஹிஸ்பானிக் எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்களும், வெள்ளையரில் ஒரு பகுதியினரும் சேர்ந்தால் இங்கே ஜெயிக்கலாம் என்று முதல்முறை தெரிந்தது. மாநில செனட்டின் மற்ற முப்பது தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் யார் வெல்வார் என்பது வரைபடம் வரைந்த அன்றே முடிந்துவிடும். இங்கே மட்டும் தேர்தலன்று இரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு தொகுதியை விட்டு வைப்பார்களா? 2010 கணக்கெடுப்பு முடிந்ததும், 2011இல் சட்டமன்றம் புது வரைபடம் போட்டது. எஸ்.டி. 10 துண்டானது. நார்த் சைடு, வடக்கே டென்டன் பக்கத்துத் தொகுதிக்குப் போனது. தென்கிழக்கு ஃபோர்ட் வொர்த்தின் கறுப்பின வாக்காளர்களை வேகோ வரை நீளும் தொகுதியில் சேர்த்தார்கள். சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கற்றிருந்த மக்கள், எங்கே போனாலும் சிறு எண்ணிக்கையாகிவிடும்படி பிரிக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1965 வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியிலோ தொகுதி எல்லையிலோ கை வைக்கும் முன், மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி பெற வேண்டும். டெக்சஸ் 1975 திருத்தத்துக்குப் பிறகு இதன் கீழ் வந்தது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நிரூபிக்கும் வரை தவறான வரைபடத்திலேயே தேர்தல் நடக்கும் என்ற நிலையை இது தலைகீழாக்கியது. வரைந்தவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும், அதுவரை வரைபடம் செல்லாது.

அதனால் 2011 வரைபடம் நடைமுறைக்கு வரவில்லை. 2012 தேர்தல், எஸ்.டி. 10ஐப் பழைய வடிவிலேயே வைத்த இடைக்கால வரைபடத்தில் நடந்தது. அந்த ஆகஸ்டில் வாஷிங்டனில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, பத்தாம் தொகுதியை மாற்றியதில் பாகுபாட்டு நோக்கம் இருந்தது என்றே தீர்ப்பெழுதியது. நவம்பரில் டேவிஸ் மறுபடி வென்றார். அதிபர் தேர்தலில் அதே தொகுதி இந்த முறையும் குடியரசுக் கட்சியின் ராம்னி பக்கம்.

அதற்கடுத்த வருடம் ஜூன் 25ஆம் தேதியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2013. தொகுதி வரைபடத்தை உறுதி செய்வதற்காக ஆளுநர் ரிக் பெர்ரி ஒரு சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டியிருந்தார். பின்னர் அதில் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவையும் சேர்த்தார். அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள், நள்ளிரவுக்குள் ஓட்டெடுப்பு நடக்காவிட்டால் மசோதா செத்துவிடும். அதுவரை பேசியே நேரத்தைக் கடத்த, காலை 11 மணி தாண்டி வெண்டி டேவிஸ் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. காலில் இளஞ்சிவப்பு ஓட்டக் காலணி. சுமார் பதினொரு மணி நேரம். இரவு பத்து மணி வாக்கில் மூன்றாவது விதிமீறல் என்று நிறுத்தினார்கள். நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மாடத்தில் இருந்த பார்வையாளர்கள் எழுப்பிய கூச்சலில் ஓட்டெடுப்பு தடைப்பட்டு, கெடு தாண்டிப்போனது. மசோதா அன்று நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் நிறைவேற்றினார்கள். அதன் முக்கியப் பகுதிகளை 2016இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

நானும் மனைவியும் அன்று கணினித் திரையில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வரவில்லை. "இவங்க நம்ம செனட்டர்" என்று மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டில்லாத எங்களுக்கு "நம்ம" என்ற சொல் அன்று முதல்முறையாகப் பொருந்தியது.

ஆனால் அதே ஜூன் 25 காலையில், டேவிஸ் எழுந்து நிற்பதற்கு முன்பே, வாஷிங்டனில் இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. ஷெல்பி கவுன்டி எதிர் ஹோல்டர் தீர்ப்பு. எந்தெந்த மாநிலங்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும் சூத்திரம் காலாவதியாகிவிட்டது என்று ஐந்துக்கு நான்கு பெரும்பான்மையில் அதை ரத்து செய்தார்கள். ஐந்தாம் பிரிவு காகிதத்தில் இருந்தது, பொருந்த ஒரு மாநிலமும் இல்லாமல். பத்தாம் தொகுதியைக் காத்த பூட்டு அந்தக் காலையில் திறந்துகொண்டது. நாங்கள் எல்லோரும் அன்றிரவு மாநிலத் தலைநகர் ஆஸ்டினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் 26ஆம் தேதி பெர்ரி வரைபடச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் எஸ்.டி. 10 பழைய வடிவிலேயே இருந்தது. அதனால் அந்தப் பத்தாண்டு முடியும் வரை தொகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2014இல் டேவிஸ் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்க, செனட் இடம் கோலிவில்லைச் சேர்ந்த குடியரசுக் கட்சியின் கானி பர்ட்டனுக்குப் போனது. இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் ஜெயிக்கக்கூடிய தொகுதி என்றால் இப்படித்தான் இருக்கும்.

இடையில் 2016இல் வந்த ஒரு தீர்ப்பு என்னைப் போன்றவர்களை நேராகத் தொட்டது. எவன்வெல் எதிர் அபாட். டெக்சஸ் செனட் தொகுதிகளைப் பற்றிய வழக்கேதான். தொகுதிகளைச் சமமாகப் பிரிக்கும்போது மொத்த மக்களை எண்ணக் கூடாது, ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி ஆகியிருந்தால் குழந்தைகள், கிரீன் கார்டுக்காரர்கள், விசாவில் இருப்பவர்கள் யாரும் கணக்கிலேயே வரமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, மொத்த மக்களை எண்ணிப் பிரிப்பது சரிதான் என்றது. ஓட்டில்லாதவருக்கும் பள்ளிக்கூடம் வேண்டும், சாலை வேண்டும், மனு கொடுக்க ஒரு பிரதிநிதி வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று நான் கிரீன் கார்டுக்காரன். 2010 கணக்கெடுப்புப் படிவத்தில் மூன்று பெயர்களை நிரப்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது. எங்கள் மூன்று பேரும் எஸ்.டி. 10இன் எடையில் இருந்தோம்.

2018 அக்டோபரில் முன்கூட்டி வாக்களிக்கும் மையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு அது முதல் ஓட்டு. முன்னால் ஸ்க்ரப்ஸ் உடையில் ஒரு செவிலியர், பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு முதியவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம், யாரும் கலையவில்லை. பர்லெசன் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தவரான பெவர்லி பவல் அந்த முறை பர்ட்டனைத் தோற்கடித்தார். வித்தியாசம் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. நான் போட்ட ஓட்டு எங்கோ கரைந்துவிடவில்லை என்ற உணர்வு அன்று இருந்தது. எந்தக் கட்சிக்குப் போட்டவருக்கும் அந்தத் தேர்தலில் அந்த உணர்வு இருந்திருக்கும்.

ஓர் இடத்துக்கு ஏன் இத்தனை போராட்டம்? செனட்டின் விதியில் விடை இருக்கிறது. டெக்சஸ் செனட்டில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே 31 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 21 பேர் சம்மதிக்க வேண்டும் என்ற வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. சிறுபான்மைக் கட்சியைக் கேட்காமல் எதுவும் நகராது. 2015இல் துணை ஆளுநராக டேன் பேட்ரிக் வந்ததும் அதை ஐந்தில் மூன்று பங்கு, 19 என்று குறைத்தார்கள். பர்ட்டன் வென்றதால் குடியரசுக் கட்சிக்கு அப்போது 20 பேர். 2018இல் ஓர் இடைத்தேர்தலில் வென்று 21 ஆனார்கள், அதே ஆண்டு நவம்பரில் பத்தாம் தொகுதியையும் டாலஸில் இன்னொன்றையும் இழந்து சரியாக 19இல் வந்து நின்றார்கள். 2020இல் மற்றொன்று போய் 18. 2021 ஜனவரியில் விதி மறுபடி மாறியது: ஒன்பதில் ஐந்து பங்கு, 18. எண்ணிக்கை இறங்க இறங்க வரம்பும் இறங்கியது. இனி விதியில் இறக்க அதிக இடமில்லை. தொகுதியைத்தான் மாற்ற வேண்டும்.

2020 கணக்கெடுப்பு வந்தது. எஸ்.டி. 10இன் மக்கள்தொகை, ஒரு தொகுதிக்கு வேண்டிய அளவிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகியிருக்கவில்லை. மக்களைச் சமன்செய்ய வேண்டும் என்பதற்காக மட்டும் பார்த்தால் இதைத் தொட்டிருக்கவே வேண்டாம். மொத்த மக்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களை மட்டும் எடுத்தால் பாதிக்குச் சற்று மேல். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் பைடன் இங்கே சுமார் 8 சதவீத வித்தியாசத்தில் முன்னிலை.

2021 இலையுதிர் காலத்தில் வந்த புது வரைபடத்தில் ஃபோர்ட் வொர்த்தின் கறுப்பின, ஹிஸ்பானிக் பகுதிகள் பலவற்றைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தெற்கு டாரன்ட்டில் மிச்சமிருந்தவர்களோடு ஏழு கவுன்டிகளைச் சேர்த்தார்கள்: ஜான்சன், பார்க்கர், பாலோ பின்டோ, ஸ்டீபன்ஸ், ஷாக்கல்ஃபோர்ட், கலஹன், பிரவுன். தகுதியுள்ள வாக்காளர்களில் வெள்ளையர் பங்கு சுமார் 62 சதவீதமாக ஏறியது. பைடன் முன்னிலையில் இருந்த தொகுதி, அதே 2020 ஓட்டுகளைப் புது எல்லைக்குள் எண்ணினால், டிரம்புக்குச் சுமார் 16 சதவீத முன்னிலை தரும் தொகுதியானது. ஒருவரும் மனம் மாறவில்லை, ஒருவரும் வீடு மாறவில்லை.

செனட்டின் மறுவரையறைக் குழுத் தலைவர் ஜோன் ஹஃப்மன், இனத்தைப் பார்க்காமலே வரைந்தோம் என்றார். பவலும் இங்குள்ள வாக்காளர்கள் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2022 ஜனவரியில் எல் பாசோவில் விசாரணை. அந்த வழக்கில் என்னை நிறுத்திய விஷயம் கெல் செலிகரின் வாக்குமூலம். அவர் அப்போது அமரில்லோவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி செனட்டர். 2011இல் இதே தொகுதியைத் துண்டாக்கிய வரைபடத்துக்கு அவர்தான் குழுத் தலைவர். அந்த அனுபவமும் பழைய தீர்ப்பும் தெரிந்தவன் என்ற முறையில், எஸ்.டி. 10ஐ மறுபடி கலைப்பது வாக்குரிமைச் சட்டத்தையும் அரசியலமைப்பையும் மீறுவது என்பது தனக்குத் தெளிவாகவே தெரிந்தது என்று எழுதிக் கொடுத்தார். சொந்தக் கட்சியின் வரைபடத்துக்கு எதிராக அப்படிக் கையெழுத்துப் போட எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அந்த மனிதர் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

ஆனாலும் பிப்ரவரி 1ஆம் தேதி மூன்று நீதிபதிகளும் தடை கொடுக்க மறுத்தார்கள். இனம்தான் காரணம் என்று தங்களுக்கு நிரூபணமாகவில்லை, கட்சி ஆதாயம் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் நிலை. கட்சி ஆதாயத்துக்காக வரைந்தது என்றால் மத்திய நீதிமன்றம் தலையிடாது என்று 2019இலேயே ரூச்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மை ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடும் மாநிலத்தில், இனத்துக்காகப் பிரித்தார்களா கட்சிக்காகப் பிரித்தார்களா என்று எதை வைத்துப் பிரித்துச் சொல்வது? பிரிக்கப்பட்ட தெருவுக்கு இரண்டும் ஒன்றுதான். 2012இல் நிரூபிக்கும் பாரம் வரைந்தவர் தோளில் இருந்தது. 2022இல் அது ஸ்டாப் சிக்ஸ்காரர் தோளுக்கு மாறியிருந்தது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே இருந்தது அந்த ஜூன் 25 காலை.

2022 ஏப்ரலில் பவல், இந்த எல்லைக்குள் வெல்ல முடியாது என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார். வெதர்ஃபோர்ட்டைச் சேர்ந்த ஃபில் கிங் நவம்பரில் போட்டியின்றி செனட்டரானார். கிங் மாநிலக் கீழவையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். 2003இல் பத்தாண்டுக்கு நடுவிலேயே காங்கிரஸ் தொகுதிகளை மாற்றியபோது கீழவையில் அந்த வேலையை முன்னெடுத்தவர் அவர். 2025இல் டெக்சஸ் மறுபடி பத்தாண்டுக்கு நடுவே காங்கிரஸ் தொகுதிகளை மாற்றியபோது செனட் சிறப்புக் குழுவின் தலைவரும் அவரே.

இதையெல்லாம் ஒருநாள் போனில் நாமக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தொகுதியை யாருப்பா பிரிக்கிறாங்க? அதுக்குன்னு ஆணையம் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா. சட்டமன்ற உறுப்பினருங்களே வரைஞ்சுக்கறாங்க."

"நிக்கப் போறவங்களேவா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பேத்தியின் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

ஆல்பனிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஷாக்கல்ஃபோர்ட் கவுன்டியின் தலைநகர். கவுன்டி முழுவதும் சேர்த்து 3,100 பேர்தான், எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் அத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள். 1880களில் கட்டிய சுண்ணாம்புக்கல் நீதிமன்றம், சுற்றிலும் சதுக்கம். 1938இல் தொடங்கிய ஒரு திறந்தவெளி நாடகத்தை இன்றும் ஜூன் மாதத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து ஆடிப் பாடி நடத்துகிறார்கள். அழகான, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஊர்.

சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். ஃபோர்ட் வொர்த் பக்கம் என்றதும், "இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள்?" என்றார். நாம் ஒரே செனட் தொகுதி, அதுதான் பார்க்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. மகள் வரைபடத்தைக் காட்டினாள். கண்ணாடியை உயர்த்திப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஃபோர்ட் வொர்த் எங்களோடயா? நாங்கள் எல்லாவற்றுக்கும் அபிலீனுக்குத்தானே போவோம்?"

அபிலீன் அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஆஸ்பத்திரி, கடை, அவர் மகனின் வேலை எல்லாம் அங்கே. அது இந்தத் தொகுதியில் இல்லை. மழையில்லாமல் மாடுகளை விற்க வேண்டியிருந்த கதையை அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் என்ன குறை என்று கேட்டார். பேருந்து வசதி இல்லாததையும், வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்வதையும் சொன்னேன். ஆல்பனியில் பேருந்துக்கு என்ன தேவை என்று சிரித்தார். அவர் கேட்க வேண்டியதும் நான் கேட்க வேண்டியதும் வேறு வேறு, கேட்க வேண்டிய ஆள் ஒருவரே. கிளம்பும்போது மகளிடம், ஜூனில் நாடகம் பார்க்க வா என்று சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து தெற்கே பேர்ட் வழியாகத் திரும்பி, நெடுஞ்சாலை 20ஐப் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

டெக்சஸில் பதினேழு வயது பத்து மாதம் ஆனால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். இணையத்தில் முடியாது, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மகள் கோடையில் அனுப்பினாள். சில வாரம் கழித்து அட்டை தபாலில் வந்தது. என்னுடைய 2018 அட்டையை நான் எறியாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதை எடுத்து வந்து தன்னுடையதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். செனட் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அதே நம்பர்தான்ப்பா" என்றாள்.